கூரையின் முகம் எது?

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்வின் அடிப்படைத் தேவைகள் என்பதைத் தொடக்கப் பள்ளியிலேயே கற்றுவிடுகிறோம். இம்மூன்றனுள் உணவில் கலப்படம் நேர்ந்தால் கொதித்தெழுகிறோம். உடையில் போலி கண்டால் கடைக்குத் திரும்பச் சென்று முறையிடுகிறோம். ஆனால், நம் தலைக்குமேல் நின்று வெயிலையும் மழையையும் தாங்கும் கூரையில் ஒன்று மற்றொன்றாக வேடம் புனைந்து வந்தால் மட்டும், 'பார்வைக்கு நன்றாக இருக்கிறதே!' என்று மகிழ்ந்து கூடுதல் பணம் கொடுத்து வாங்கிவிடுகிறோம். இம்மகிழ்ச்சி முறையானதுதானா என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பேராவூரணியிலிருந்து பட்டுக்கோட்டைக்கோ அறந்தாங்கிக்கோ பேருந்தில் செல்வோர் சாலையின் இருமருங்கும் நோக்கினால் ஒரு மாற்றத்தைக் காணலாம். தென்னந்தோப்புகளுக்கிடையே செங்காவி நிறத்தில், வரிசை வரிசையாக ஓடு படிந்தாற்போன்ற கூரைகள் தென்படும். சில கபில நிறத்தில் மரப்பலகைகளை அடுக்கி வைத்தாற்போல் தோன்றும். அருகில் சென்று விரலால் தட்டினால்தான் உண்மை விளங்கும். அவை ஓடும் அல்ல; மரமும் அல்ல. ஓட்டின் அச்சில் அழுத்தி, நிறம் பூசிய எஃகுத் தகடுகள். கடைக்காரர்கள் 'ஓட்டு டிசைன் ஷீட்' என்று சொல்லும் இத்தகட்டைப் பற்றியே ஈண்டு பேச முற்படுகிறோம்.

தகரத்தை இகழ்வது நம் நோக்கமன்று. ஓலைக்குடிசையைப் போற்றிப் பாடுவதும் நம் நோக்கமன்று. பழையதன் உருவத்தைப் புதியது மேற்கொள்ளும்போது, பழையதன் குணத்தையும் மேற்கொண்டதா என்பதே நாம் எழுப்பும் வினா.

வேய்ந்தவர் நம் முன்னோர்

கூரை அமைத்தலைத் தமிழர் 'வேய்தல்' என்றனர். 'வேய்' என்பது மூங்கிலுக்கும் பெயர். ஓலையும் புல்லும் தழையும் கொண்டு மூடிய காலத்தில் வழங்கிய இச்சொல், கூரைப்பொருள் மாறிய பின்னரும் மாறவில்லை. எயினர் குடியிருப்பு ஈந்தின் இலையால் வேயப்பட்டு, முள்ளம்பன்றியின் முதுகுபோல் தோன்றியதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. தில்லைச் சிற்றம்பலத்தின் கூரையை முதற் பராந்தக சோழன் (907–955) பொன்னால் மூடியபோதும், 'பொன் வேய்ந்தான்' என்றே வரலாறு அவனைப் போற்றியது. ஓலையை வேய்ந்த கைக்கும் பொன்னை வேய்ந்த கைக்கும் தமிழ் ஒரே வினைச்சொல்லைத்தான் கொடுத்திருக்கிறது.

ஒரு பொருளின் வடிவத்தை வேறொரு பொருளில் வடிப்பது தமிழகத்திற்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் மாமல்லபுரத்துச் சிற்பிகள் ஒரு முழுப் பாறையைக் குடைந்து திரௌபதி இரதத்தை வடித்தனர். அதன் கூரை, ஓலை வேய்ந்த சிறு குடிசையின் கூரையே. தில்லையின் பொற்கூரையும் மரச்சட்டத்தின்மீது உலோக ஓடு வேய்ந்ததுதான். ஆகவே, 'போலச் செய்தல்' என்பதாலேயே ஒன்று குற்றமாகிவிடாது. ஆயினும், மாமல்லையின் கற்குடிசையில் எவரும் கோடைப் பகலில் பாய்விரித்துப் படுத்ததில்லை. அது நினைவைக் காக்க எழுந்த வடிவம். உடலைக் காக்க எழும் கூரையை அந்த அளவுகோலால் அளக்க இயலாது.

மதீனாவின் ஓலைக் கூரை

ஈந்தின் இலையைச் சங்க நூலில் கண்டோம். அதே இனத்தைச் சேர்ந்த பேரீச்சையின் மட்டைகளே மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலுக்கும் கூரையாயின. பேரீச்ச மரங்களே தூண்கள். ரமலான் இரவொன்றில் மழை பெய்து கூரை ஒழுக, நபிகளார் ஈர மண்ணிலேயே நெற்றி பதித்துச் சிரம் பணிந்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம்.

உமர் (ரலி) அவர்கள் அப்பள்ளியைப் புதுப்பித்தபோது, மக்களை மழையிலிருந்து காப்பதே கட்டடத்தின் கடமை என்றும், சிவப்பும் மஞ்சளுமாய் வண்ணம் தீட்டித் தொழுவோர் கருத்தைச் சிதறச் செய்யலாகாது என்றும் பணித்ததாக நபிமொழித் தொகுப்பு குறிப்பிடுகிறது. அவரும் பேரீச்ச மட்டைக் கூரையையே அமைத்தார். பின்னர் உதுமான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 29ஆம் ஆண்டில் அதனை விரிவாக்கியபோது, செதுக்கிய கல்லால் சுவர் எழுப்பித் தேக்கு மரத்தால் கூரை அமைத்தார். அம்மரம் இந்தியாவிலிருந்து செல்வது என்று உரையாசிரியர்கள் குறித்துள்ளனர்.

இவ்வரலாற்றில் நமக்கொரு தெளிவு உண்டு. ஓலையிலிருந்து தேக்குக்கு மாறுவதை மார்க்கம் தடுக்கவில்லை. நல்ல பொருள் கிடைத்தபோது அதனை ஏற்றுக்கொண்டனர். ஆனால், தேக்கைக் கொண்டு ஓலைபோல் செதுக்கி வைக்கவில்லை. ஓலை ஓலையாகவே இருந்தது. தேக்கு தேக்காகவே அமைந்தது. கூரை எதற்காக என்ற கேள்வி முதலிலும், அது எப்படித் தோன்றும் என்ற கேள்வி பின்னரும் எழுந்தன.

நம் கடற்கரை ஊர்களிலிருந்து சபுர் சென்றோரின் வழியிலும் இதற்குச் சான்று உண்டு. மலாக்காவில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் மரத்தால் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1872இல் செங்கல் கட்டடமாயிற்று. சுவரின் பொருள் மாறியபின்னும் அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பும் கூரை வடிவம் மாறவில்லை. அவ்வடிவம் வெறும் அழகன்று. மேலெழும் வெப்பக் காற்றுக்கு உயர்ந்த இடமும், சுவர்மேல் மழை படாமல் காக்க நீண்ட இறவாரமும் தரும் வடிவம் அது. வேலை செய்யும் வடிவத்தைக் காத்தனர். அது காக்கத்தக்கதே.

தகரம் ஓடாகிய கதை

குளிர்நாட்டார் மரத்தைச் சிறு சிறு பலகைகளாகப் பிளந்து, மீன்செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கிக் கூரை வேய்வர். நம் நாட்டிலும் இமயமலைச் சாரலில் இவ்வழக்கம் உண்டு. மணாலியில் 1553இல் கட்டப்பெற்ற இடும்பி கோயிலின் அடுக்குக் கூரைகள் பலகை வேய்ந்தவையே. பனியையும் மழையையும் வழிந்தோடச் செய்வதில் மரவோடு சிறந்தது. தீக்கு மட்டும் அது பகை. 1871இல் அமெரிக்காவின் சிகாகோ நகரம் எரிந்தபோது, மரக்கூரைகள் தீயை வீடுவிட்டு வீடு கொண்டு சென்றன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மரவோட்டின் தோற்றத்தை அச்சிட்ட உலோக ஓடுகள் அங்கே பரவின. கண்ணுக்குப் பழகிய தோற்றமும் வேண்டும், தீயிலிருந்து காப்பும் வேண்டும் என்ற இரு விருப்பங்களின் விளைவு அது.

தகடு அதற்கு முன்னரே வந்துவிட்டது. 1829இல் இலண்டனில் ஹென்றி பாமர் என்னும் பொறியாளர், இரும்புத் தகட்டை அலையலையாக மடித்தால் மெல்லிய தகடும் வளையாமல் நிற்கும் என்று கண்டு உரிமம் பெற்றார். 1837இல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சோரல், துத்தநாகம் பூசி இரும்பைத் துருவிலிருந்து காக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். நம் ஊர்த் தகரக் கொட்டகையின் அலை வடிவம் அழகுக்காக வந்ததன்று, வலிமைக்காக வந்தது. 1970களில் 55 விழுக்காடு அலுமினியமும் எஞ்சியதில் பெரும்பகுதி துத்தநாகமும் கலந்த பூச்சு சந்தைக்கு வந்து, தகட்டின் ஆயுளை மேலும் நீட்டித்தது. அதன்மேல் நிறப்பூச்சும், ஓட்டின் அச்சும் ஏறின.

நம்மிடையே 'சீமை ஓடு' என வழங்கும் மங்களூர் ஓடும் வெளியிலிருந்து வந்ததுதான். பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்னும் செருமானியர் 1865இல் மங்களூரில் அதற்கென ஆலை தொடங்கினார். ஆனால் அது நம் களிமண்ணால், நம் சூளையில் வெந்து, நம் வெயிலுக்கு ஏற்றதாயிற்று. இன்று நாம் வாங்கும் தகடு அச்சீமை ஓட்டின் நிழல். கபில நிறத் தகடோ, நம் ஊரில் என்றுமே இல்லாத மரவோட்டின் நிழல்.

கும்பகோணமும் கஜாவும்

நம் வட்டாரம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் அணை 1934இல் நிறைவெய்தி, புதாற்றுப் பாசனம் பெருகிய பின்னரே இப்பகுதி வளங்கண்டது. பின்னாளில் தென்னை இங்கே பெரும் செல்வமாயிற்று. தென்னை இருக்கும் ஊரில் கீற்றுக்குப் பஞ்சமில்லை. மட்டையைப் பிளந்து, நீரில் ஊறவைத்து, பெண்கள் கீற்று முடைவர். ஓரிரு ஆண்டுக்கொரு முறை கூரை பிரித்து வேய்வர். கீற்றுக் கூரையின்கீழ் கோடைப் பகல் தெரியாது. ஆயினும், ஒழுகும் இடங்களுக்கெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டு விடிய விடிய விழித்திருந்த தாய்மாரின் ஐப்பசி இரவுகளையும் நாம் மறந்துவிடலாகாது.

2004 சூலை 16ஆம் நாளை நம் மாவட்டம் மறக்காது. கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கட்டில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 பிஞ்சுகளின் உயிரைக் குடித்தது. அதன்பின் பள்ளிகளிலிருந்து கீற்று அகன்றது. அகன்றே தீர வேண்டும். அந்த இடத்திற்குப் பல பள்ளிகளில் தகரம் வந்தது.

2018 நவம்பர் 16 விடியலில் கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. காற்று மணிக்கு 100 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றடித்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. கீற்று பறந்தது; ஓடு சரிந்தது; கல்நார்த் தகடு நொறுங்கியது; சரியாகப் பூட்டாத தகரம் கத்திபோல் பறந்தது. தோப்புகள் விழுந்ததால் மீண்டும் வேயக் கீற்றும் அரிதாயிற்று. அரசும் 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்து, 2030க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்னும் இலக்கை வைத்தது. இவையெல்லாம் சேர்ந்துதான் நம் ஊரின் கூரையை மாற்றின. தகரத்தை நாடிய ஏழையை எவரும் குறைகூற இயலாது. விரைவில் அமையும்; எளிதில் தீப்பற்றாது; ஆண்டுதோறும் செலவு வைக்காது.

உருவம் வந்தது, குணம் வந்ததா?

தகரம் வேறு, ஓடாக நடிக்கும் தகரம் வேறு என்பதை ஈண்டுப் பிரித்தறிதல் வேண்டும்.

மங்களூர் ஓட்டுக் கூரை ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோவுக்கும் மேல் எடை கொண்டது. அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு அதே பரப்பில் ஏறத்தாழ 4 கிலோதான். எடை குறைவு என்பது கட்டுவோர்க்கு ஆதாயம். ஆனால், ஓட்டின் தண்மைக்கு அந்த எடையும் ஒரு காரணம். சுட்ட மண் மெல்லச் சூடேறும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள சந்துகளின் வழியே வெப்பக் காற்று வெளியேறும். மழையில் உறிஞ்சிய ஈரம் வெயிலில் ஆவியாகிக் குளிர்விக்கும். தகட்டிலோ சந்து இல்லை. உறிஞ்சும் தன்மை இல்லை. இரும்பு களிமண்ணைவிடப் பல மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். மேலே ஓட்டின் வரிகள் இருக்கலாம். கீழே வெறும் தகரத்தின் அனலே இறங்குகிறது.

இதில் ஒரு முரணும் உண்டு. வெயில் மிகுந்த நாட்டில் தகரத்துக்கு ஏற்ற நிறம் வெண்மை. வெளிர்நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஓட்டைப்போலவும் மரத்தைப்போலவும் தோன்ற வேண்டும் என்பதற்காகச் செங்காவியும் கபிலமும் பூசுகிறோம். அடர்நிறம் வெயிலை வாங்கிக்கொள்ளும். அழகென்று எண்ணி நாம் கொடுக்கும் கூடுதல் பணம் வீட்டிற்குள் கூடுதல் சூட்டையே கொண்டுவருகிறது.

எல்லாத் தகட்டையும் ஒரே தராசில் நிறுத்தல் நேர்மையன்று. 1950களில் நியூசிலாந்தில் பரவிய, மேலே கல்துகள் ஒட்டிய எஃகு ஓடுகள் மழையின் இரைச்சலைக் குறைக்கும். அவற்றைக் குறுக்குச் சட்டங்களின்மேல் உயர்த்திப் பதித்தால், கீழே காற்றுக்கு இடம் கிடைக்கும். அங்கே உருவத்தோடு சிறிது குணமும் சேர்ந்தது. நம் கடைத்தெருவில் மிகுதியாக விற்பதோ ஒற்றைத் தகடு. வடகிழக்குப் பருவமழை அதன்மேல் கொட்டும்போது வகுப்பில் ஆசிரியர் குரல் கேட்பதில்லை. பாடம் நின்றுவிடுகிறது.

கூரையின் முகம் எது என்ற வினா இங்கேதான் எழுகிறது. தெருவில் செல்வோர் காண்பது மேற்புறம். சபுரில் உழைத்துப் பணம் அனுப்பும் சகோதரர் புகைப்படத்தில் கண்டு மனம் நிறைவதும் மேற்புறமே. ஆனால் சித்திரை, வைகாசியில் பகல் இரண்டு மணிக்கு அதன் கீழ்ப்புறத்தை நோக்கிப் படுத்திருப்பவர் யார்? பிள்ளை பெற்ற தாயும், நோயுற்ற முதியவரும், தூளியில் கிடக்கும் குழந்தையுமே. அவர்களுக்குக் கூரையின் முகம் கீழ்ப்பக்கம்தான். அந்த முகத்தை ஓட்டு அச்சு மாற்றவில்லை. தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பமர நிழலுக்குச் செல்ல நேர்ந்தால், அந்த வீட்டின் உண்மையான கூரை வேப்பமரமே. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. புயலைப் போல வெயிலும் உயிர்கொல்லும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட பின்னர், இதனை வசதி பற்றிய பேச்சாக மட்டும் நாம் கருதலாகாது.

செய்யத்தக்கன

குறை கூறுவதோடு நின்றுவிடுதல் சான்றோர்க்கு அழகன்று. வீடு கட்டுவோரும், பள்ளிவாசல், மதரஸா, கல்விக்கூடங்களைப் பேணும் ஜமாஅத்தார்களும் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, தகரம் வேண்டுமெனில் தகரமாகவே வெளிர்நிறத்தில் வாங்கலாம். ஓட்டு அச்சுக்கும் அடர்நிறத்துக்கும் செலவிடும் பணத்தை அடியில் ஒரு தட்டி அல்லது உட்கூரை அமைக்கச் செலவிடுதல் நன்று. தகட்டிற்கும் உட்கூரைக்கும் இடையே ஒரு முழ இடைவெளி விட்டு, இருமுனையிலும் காற்றுப் போக வழி வைத்தால், அனலின் பெரும்பகுதி உள்ளே இறங்காது. சமையலறையை ஒட்டியும், பிள்ளைகள் அமரும் இடத்திலும் எரியக்கூடிய ஓலைத் தட்டியைத் தவிர்த்தல் வேண்டும். கும்பகோணத்தை நாம் இருமுறை கற்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கூரையை உயர்த்தி, முகட்டில் வெப்பக் காற்று வெளியேறத் திறப்பு வைக்க வேண்டும். மலாக்காவுக்குச் சென்ற நம்மவர் அறிந்த பாடம் நமக்கும் பொருந்தும்.

மூன்றாவது, காற்றைத் தாங்கும்படி பூட்ட வேண்டும். புயற்காற்று முதலில் பிடித்து இழுப்பது கூரையின் ஓரங்களையும் முகட்டையும்தான். அங்கே திருகாணிகள் நெருக்கமாக அமைய வேண்டும். சட்டங்கள் சுவரோடும் தூணோடும் பிணைந்திருக்க வேண்டும். திருகாணியின் ரப்பர் வளையம் வெயிலில் இற்றுப்போகும். உப்புக்காற்றில் தகட்டின் வெட்டிய ஓரம் துருப்பிடிக்கும். ஐப்பசிக்கு முன் ஆண்டுதோறும் ஒருமுறை ஏறிப் பார்ப்பது, முன்னாளில் கூரை பிரித்து வேய்ந்ததற்கு ஈடான கடமை.

நான்காவது, ஓடு வேய வசதியுள்ளோர் உண்மையான ஓட்டையே வேயலாம். ஓர் ஓடு உடைந்தால் ஓர் ஓட்டை மாற்றினால் போதும். ஓடு மாற்றத் தெரிந்த கைகள் நம் ஊர்களில் குறைந்து வருகின்றன. அவர்களுக்கு வேலை கொடுப்பதும் ஒரு கலையைக் காப்பதாகும்.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உத்தரம், விட்டம், கைமரம், வாரை, முகடு, மோட்டு ஓடு, இறவாரம், தாழ்வாரம் என்று நம் வீட்டுக் கூரைக்குள் ஒரு சொற்களஞ்சியமே வாழ்ந்தது. தகடு வந்தபின் 'ஷீட்', 'பைப்', 'ஸ்க்ரூ' என்னும் மூன்று சொற்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உங்கள் ஊரில் கீற்று முடைந்த மூதாட்டியரிடமும் ஓடு வேய்ந்த பெரியவர்களிடமும் சென்று, அச்சொற்களை எழுதி வாருங்கள். தமிழ்த்துறை மாணவர் ஆற்றத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்று.

புதுமை வருக, அதனை நாம் வரவேற்போம். ஆனால், அது தன் பெயரோடும் தன் முகத்தோடும் வருக. பிறர் காணும் மேற்புறத்திற்காக, நம்மவர் வாழும் கீழ்ப்புறத்தை விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. அடுத்த முறை கூரை மாற்றும் நாள் வரும்போது, கடையில் மாதிரித் தகட்டை வெளியே வைத்துப் பார்ப்பதற்கு முன், அதைப் போன்ற கூரையுள்ள ஒரு வீட்டினுள் உச்சிப் பகலில் அரைமணி நேரம் அமர்ந்து வாருங்கள். எதை வாங்க வேண்டும் என்பதை அந்த அரைமணி நேரமே சொல்லிவிடும். நம் வீடுகளில் உறங்கும் குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் தண்ணிழல் தர வல்ல இறைவன் அருள்புரிவானாக.